ஸ்டெம் செல்லை ஏன் மெதுவாக உறைய வைத்து, வேகமாக உருக்குகிறார்கள்?

ஸ்டெம் செல் என்பது எலும்பு மஜ்ஜையில் இருக்கும் தாய் அணு. புது ரத்த அணுக்கள் இதிலிருந்துதான் பிறக்கின்றன. மலேசியாவில் 1987இல் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. நான் வேலை பார்ப்பதும் கோலாலம்பூரில், இப்படி ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில்தான்.

சில புற்றுநோய்களுக்கு நோயாளியின் சொந்த அணுக்களையே முதலில் எடுத்து வைத்துவிட்டு, கடுமையான கீமோ கொடுத்தபின் திருப்பி ஏற்றுவார்கள். அதுவரை அணுக்கள் உயிரோடு இருக்கவேண்டுமே!

பசாரில் வாங்கிய தக்காளியை பிரீசரில் வைத்து எடுத்துப் பாருங்கள், கொழகொழவென்று ஆகியிருக்கும். உள்ளே இருந்த நீர் பனிக்கட்டியாகி அதன் அணுக்களைக் கிழித்துவிட்டது. மனித அணுவுக்கும் அதே கதிதான். அதனால் நிமிடத்துக்குச் சுமார் 1 டிகிரி என்று மெல்லக் குளிரவைக்கிறோம். அணுவுக்குள் இருக்கும் நீர் வெளியேற அவகாசம் கிடைக்கும். கூடவே டிஎம்எஸ்ஓ என்ற திரவம் சேர்ப்போம், அது பனிப்படிகம் உருவாவதைக் குறைக்கும். அப்புறம் திரவ நைட்ரஜன் தொட்டி. அந்தத் திரவத்தின் குளிர் மைனஸ் 196 டிகிரி. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை முழங்கைவரை ஏறும்.

உருக்கும்போது நேரெதிர். 37 டிகிரி நீரில் சில நிமிடங்களில் முடித்துவிடுவோம். மெல்ல உருகினால் பனிப்படிகங்கள் மறுபடி வளரும். டிஎம்எஸ்ஓவும் சூட்டில் அணுக்களுக்கு விஷம், ஆகவே உடனே ஏற்றவேண்டும். ஏற்றிய பிறகு நோயாளியின் மூச்சில் பூண்டு வாசனை அடிக்கும். சொந்தக்காரர்கள் பயந்துவிடாதீர்கள், அது அந்தத் திரவத்தின் வேலை.

சரி, 'மாற்று சிகிச்சை' என்றதும் பலர் ஆபரேஷன் என்று நினைக்கிறார்கள். கத்தியே கிடையாது, ரத்தம் ஏற்றுவதுபோல ரத்தக்குழாய் வழியாகத்தான் போகிறது.