இரண்டு விமானங்களுக்கு நடுவே ஒரு பகல்: சேத்துப்பட்டு ஏரிக்குப் போய்வருவது எப்படி?

கேள்வி: மதுரையிலிருந்து காலை 10 மணிக்குச் சென்னையில் இறங்குகிறோம். அன்று இரவு 10.30 மணிக்குச் சிங்கப்பூர் விமானம். உடன் வரும் அம்மாவுக்கு 70 வயது; முழங்கால் வலி உண்டு. கடற்கரையும் கடைத்தெருவும் வேண்டாம், தண்ணீர்ப் பக்கமாக அமைதியாக உட்கார ஓர் இடம் இருந்தால் போதும் என்கிறார். சேத்துப்பட்டு ஏரிப் பூங்கா அதற்கு ஏற்றதா? விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது?

பதில்: ஏற்ற இடம்தான். நகரத்தின் நடுப்பகுதியில் ஏரி என்று சொல்லத் தக்கதாக இன்று எஞ்சியிருப்பது அது ஒன்றே. தியாகராய நகர் உருவானது, 1920களில் நெடிய ஓர் ஏரியைத் தூர்த்த நிலத்தில். 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய நுங்கம்பாக்கம் ஏரியின் தரையில்தான். சேத்துப்பட்டுக்கு அருகிலுள்ள ஸ்பர்டேங்க் சாலையின் பெயரிலும் ஒரு குளம் ஒளிந்திருக்கிறது. இத்தனை நீர்நிலைகள் போன பிறகும் தப்பி நிற்கும் சேத்துப்பட்டு ஏரியை மீன்வளத் துறை சீரமைத்து, 2016இல் பூங்காவாகத் திறந்தது. மொத்தப் பரப்பு சுமார் 16 ஏக்கர். கரையைச் சுற்றி நடைபாதை, உட்கார இருக்கைகள், படகுச் சவாரி, தூண்டில் போடுவதற்கான வசதி ஆகியவை உண்டு. இது பெரிய சுற்றுலாத் தலம் அன்று. அப்படி எதிர்பார்த்துப் போனால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். உங்கள் அம்மா கேட்பது உட்கார்ந்திருக்க ஓர் இடம் என்பதால்தான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

இனி வழி. விமான நிலையத்திலிருந்து வண்டி மாறாமல் ஏரியின் பக்கத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவது மின்சார ரயில். விமான நிலையத்துக்கு முன்னால் ஓடும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையைச் சுரங்க நடைபாதை வழியாகக் கடந்தால் திரிசூலம் நிலையம் வந்துவிடும். அங்கே சென்னைக் கடற்கரை நோக்கிச் செல்லும் வண்டியில், அதாவது எல்லோரும் ‘பீச் வண்டி’ என்று சொல்வதில், ஏறினால் மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் ஆகியவற்றைத் தாண்டி ஒன்பதாவதாக வருவது சேத்துப்பட்டு. ஏறத்தாழ அரை மணி நேரப் பயணம், கட்டணமும் மிகச் சொற்பம். 1931 முதல் மின்சார வண்டி ஓடிக்கொண்டிருக்கும் தடம் இது. ஆனால் விரைவு வண்டிகளும் குளிர்சாதன வண்டிகளும் எல்லா நிலையங்களிலும் நிற்பதில்லை. ஆகவே ஏறுவதற்கு முன் ‘சேத்துப்பட்டில் நிற்குமா’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாக வருபவருக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சுரங்கப் பாதையின் படிகள், நடைமேடை மாற நேர்ந்தால் மேம்பாலப் படிகள், வண்டி நிற்கும் சில நொடிகளுக்குள் ஏறி இறங்க வேண்டிய அவசரம் ஆகிய மூன்றும் முழங்கால் வலி உள்ளவருக்கு ஒத்துவராதவை. படி இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அதிகப் பாரம் விழுகிறது என்பதை வீட்டுப் பெரியவர்களுடன் பயணம் செய்தவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

உங்களுக்கு ஏற்றது மெட்ரோ ரயில். நேரம் கூடுதலாக ஆகும் என்றாலும், நிலையங்களில் மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் இருப்பதால் அம்மா சிரமமின்றி வரலாம். விமான நிலைய மெட்ரோவிலிருந்து மூன்றாவது நிறுத்தம் ஆலந்தூர். அங்கே இறங்கி, வேறு தளத்தில் வரும் பச்சை வழித்தட வண்டிக்கு மாறி, கோயம்பேடு வழியாகச் சென்ட்ரல் நோக்கிப் போக வேண்டும். அந்தத் தடத்தில் பன்னிரண்டாவது நிறுத்தமான கீழ்ப்பாக்கம்தான் ஏரிக்கு அருகில் இருப்பது. அங்கிருந்து நடந்து செல்லும் தூரம்தான் என்றாலும், ஈ.வெ.ரா. பெரியார் சாலையின் போக்குவரத்தில் அம்மாவை நடத்திக் கூட்டிச் செல்ல வேண்டாம். ‘சேத்துப்பட்டு ஏரிப் பூங்கா’ என்று சொல்லி ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதுதான் இதில் முக்கியம். பத்து மணிக்கு இறங்கிப் பெட்டிகளை எடுத்து வெளியே வருவதற்குள் பத்தே முக்கால் ஆகிவிடும். நேராக ஏரிக்குப் போனால் உச்சி வெயிலில்தான் போய் நிற்பீர்கள். தண்ணீர் இருக்கும் இடம் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துப் பலரும் அந்த நேரத்தில் போய், நிழல் தேடி அலைந்து திரும்பிவிடுகிறார்கள். அதனால் அதே பச்சை வழித்தட வண்டியில் கீழ்ப்பாக்கத்தைத் தாண்டி, அதற்கு அடுத்த நேரு பூங்காவையும் தாண்டி, எழும்பூரில் இறங்குங்கள். 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடத் தொலைவு. வெள்ளிக்கிழமை விடுமுறை. எல்லாக் கட்டடங்களையும் சுற்ற முயலாமல், சோழர் காலச் செப்புத் திருமேனிகளை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு, எழும்பூரிலேயே மதிய உணவை முடித்து, மூன்று மணிக்கு மேல் ஆட்டோவில் ஏரிக்கு வாருங்கள்.

அந்த நேரத்தில் வெயில் சாயத் தொடங்கியிருக்கும். கரையோரம் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தால், சேற்று நிறத்தில் சேற்றோடு சேறாக ஒரு பறவை அசையாமல் நிற்பது தெரியவரும். அதுதான் மடையான், குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். பக்கத்தில் ஆள் வரும்வரை நகராது. சட்டென்று எழுந்து பறக்கும்போதுதான் அதன் சிறகுகள் முழுக்க வெண்மை என்பது தெரியும். அதுவரை நின்றது வேறு பறவையோ என்று தோன்றிவிடும். அம்மாவுக்குக் காட்டுங்கள், நிச்சயம் பிடிக்கும். படகில் ஏறுவதானால் மிதிபடகு அவருக்கு வேண்டாம், முழங்கால் தாங்காது. கட்டணங்களும் நேரமும் அவ்வப்போது மாற்றப்படுபவை என்பதால் வாயிலில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுகளில் குழந்தைகளின் கூட்டம் இருக்கும். அமைதி வேண்டுமென்றால் வார நாள்தான் சரி.

திரும்புவதில் ஒரு கண்டிப்பு வேண்டும். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை தாம்பரம் நோக்கிப் போகும் மின்சார ரயில்களில் அலுவலகம் விட்டவர்களின் நெரிசல் இருக்கும். அந்த நேரத்தில் அம்மாவுடன் அதில் ஏறவே ஏறாதீர்கள். சாலையிலும் கிண்டி கத்திப்பாரா வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஐந்து மணிக்குப் பூங்காவிலிருந்து புறப்பட்டு, கீழ்ப்பாக்கத்தில் பரங்கிமலை நோக்கிச் செல்லும் மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் மாறினால் ஆறரைக்குள் விமான நிலையத்தில் இருக்கலாம். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது ஏழரைக்கு, அங்கே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கையிருப்பாக இருப்பது நல்லது.

பெட்டிகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இரண்டு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் இருந்தால், பெட்டிகளை மதுரையிலேயே சிங்கப்பூர் வரை பதிவுசெய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாமல் பெரிய பெட்டிகள் கையில் இருந்தால், மேலே சொன்ன மெட்ரோ திட்டத்தை விட்டுவிட்டு, நாள் முழுமைக்கும் ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொள்ளுங்கள். பெட்டிகள் காரிலேயே இருக்கட்டும், பாஸ்போர்ட்டும் மருந்துகளும் மட்டும் உங்கள் கைப்பையில் வரட்டும். காரில் திரும்புவதானால் நாலரைக்கே கிளம்பிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் அந்த மாதங்களில் ஒரு குடையும், வழுக்காத செருப்பும் அம்மாவுக்கு அவசியம்.