ஸ்டீராய்டுக்கும் அடங்காத இளைப்பு

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி வறுக்கும் இடத்தில் வேலை. எட்டு மாதமாக இன்ஹேலரோடு தினமும் பிரெட்னிசோலோன் 10 மி.கி. மாத்திரையும் சாப்பிட்டும் ராத்திரி இளைப்பு நிற்கவில்லை. "ஸ்டீராய்டு கேட்காத ஆஸ்துமா" என்கிறார்கள். அப்படி ஒன்று உண்டா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: நிறுத்த வேண்டாம், காரணம் கடைசியில்.

அப்படி ஒரு வகை உண்டு, ஆனால் அரிது. இதே பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டைத் தினம் 40 மி.கி. வீதம் இரண்டு வாரம் கொடுத்தும் ஸ்பைரோமெட்ரியில் (மூச்சின் திறனை அளக்கும் பரிசோதனை) ஊதும் அளவு 15 சதவீதம்கூட ஏறவில்லை என்றால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அந்த முத்திரை குத்தப்பட்ட பலருக்கு மருந்து நுரையீரல் வரை போயே இருக்காது. பம்ப் என்றால் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஸ்பேசரில் (பம்ப்போடு பொருத்தும் குழாய்) ஒரே அழுத்து. மெதுவாக இழுத்து 10 விநாடி அடக்க வேண்டும். தூள் மருந்துள்ள கேப்சூலைப் போட்டு இழுக்கும் கருவிக்கு நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். கேப்சூலை முன்கூட்டியே கருவியில் போட்டு வைத்தால் நம் கடலோர ஈரக்காற்றில் தூள் கட்டிப்படும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது வேலையிடத்து முந்திரிப் புகை. பீக் ஃப்ளோ மீட்டரில் (ஊதும் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி) தினம் நான்கு வேளை, மூன்று வாரம் ஊதி எழுதுங்கள். லீவு நாளில் எண் ஏறினால் பாதி விடை கிடைத்தாயிற்று. கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு போடுகிறாரா? அதுவும் இளைப்பைக் கிளப்பும்.

இவை சரியாக இருந்தும் இளைத்தால், அழற்சி எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஈசினோபில் என்கிற வெள்ளை அணுக்களால் வரும் அழற்சி பொதுவாக ஸ்டீராய்டுக்கு அடங்கும். நியூட்ரோபில் என்கிற வேறு வெள்ளை அணு வகை அவ்வளவாக அடங்காது. மாத்திரை ஈசினோபில் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் என்பதால், எட்டு மாதத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஜிப்மர் நுரையீரல் பிரிவு போன்ற இடத்துக்குப் போங்கள். அதில் மைக்ரோலிட்டருக்கு 150-க்கு மேல் இருந்தால் ஈசினோபிலைக் குறைக்கும் மெபோலிசுமாப் போன்ற ஊசி பற்றிப் பேசலாம்: 4 வாரத்துக்கு ஒருமுறை 100 மி.கி., விலைதான் கடுமை. ரத்தத்தில் மொத்த ஐஜிஇ-யும் (ஒவ்வாமையோடு தொடர்புள்ள புரதம்) பார்க்கச் சொல்லுங்கள்; மிக அதிகமென்றால் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஒவ்வாமையாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு. ஈசினோபில் குறைவான வகைக்கு அசித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் 500 மி.கி. வாரம் மூன்று நாள் உதவக்கூடும். ஆனால் இசிஜியும் சளிப் பரிசோதனையும் முதலில். கடையில் தானாக வாங்குகிற மருந்தல்ல.

மாத்திரைக்கு வருவோம். எட்டு மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனதால் உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம், வாந்தி, உயிராபத்துகூட வரலாம். மருத்துவர் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். அதுவரை எந்த ஆபரேஷனுக்கும், கடும் காய்ச்சலுக்கும் போகிற இடத்தில் இந்த மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லுங்கள்.