‘முழுத் தொடர்’ என்று வாங்கினேன், எட்டு எபிசோடுகளைக் காணவில்லை

கேள்வி: நான் நியூஜெர்சியில் வசிக்கிறேன். 1965-இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘மை மதர் த கார்’ என்ற நகைச்சுவைத் தொடரின் ‘முழுத் தொடர்’ டிவிடியை, இணையத்தில் ஒரு தனி விற்பனையாளரிடம் 45 டாலர் கொடுத்துக் கடன் அட்டையில் வாங்கினேன். வந்தவை இரண்டே வட்டுகள். 22 எபிசோடுகள்தாம் இருக்கின்றன. படம் மங்கலாக இருப்பதோடு, மூலையில் ஏதோ ஒரு சேனலின் முத்திரையும் தெரிகிறது. “ஓடாத தொடர், கிடைத்ததே பெரிது, உறையைப் பிரித்துவிட்டால் திரும்பப் பெறுவதில்லை” என்கிறார் விற்றவர். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் படம் மங்கல் என்பதை முதற்புகாராக வைக்காதீர்கள். 1965 செப்டம்பரில் தொடங்கி 1966 ஏப்ரலில் முடிந்த இத்தொடரில் மொத்தம் 30 எபிசோடுகள் உண்டு. ‘முழுத் தொடர்’ என்று விளம்பரம் செய்துவிட்டு எட்டைக் குறைத்து அனுப்பியது, யாரும் எண்ணிப் பார்த்து உறுதிசெய்யக்கூடிய குறை என்பதால், உங்கள் புகாருக்கு அதையே அடித்தளமாக வையுங்கள்.

உங்களிடம் இருப்பது டிவியிலிருந்து பதிவுசெய்த பிரதி என்பதற்குச் சேனல் முத்திரையே போதும். கணக்கும் அதையே சொல்கிறது: ஒவ்வொன்றும் சுமார் 25 நிமிடம் என்றால், 22 எபிசோடுகள் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டும். சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியில் இரண்டு மணி நேரம்தான் நல்ல தரத்தில் அடங்கும் என்னும்போது, ஒரு வட்டுக்கு நாலரை மணி நேரத்தைத் திணித்தால் படம் மங்காமல் என்ன செய்யும்? வட்டின் அடிப்புறம் ஊதா நிறமாக இருந்தால் அது கணினியில் எழுதப்பட்ட வட்டு. ஆனால் அந்த நிறத்தை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்ட இயலாது. வார்னர் நிறுவனமே 2009 முதல் பழைய படைப்புகள் பலவற்றை, கேட்பவருக்குக் கேட்டபோது இப்படி எழுதித்தான் விற்றது.

விற்பனையாளர் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவில் ஒரு தொடர் ஏறக்குறைய நூறு எபிசோடுகளைத் தொட்டால்தான் உள்ளூர் டிவி நிலையங்கள் நாள்தோறும் மறுஒளிபரப்புச் செய்ய வாங்கும் என்பது வெகுகால வழக்கம். ஒரே சீசனில் நின்றுபோனவற்றை அதனால் பெரும்பாலும் யாரும் சீண்டுவதில்லை. அந்த இடைவெளியில்தான் இத்தகைய வியாபாரம் நடக்கிறது. இத்தொடரை 2002-இல் ‘டிவி கைட்’ இதழ், எக்காலத்திலும் மிக மோசமான நிகழ்ச்சிகளின் பட்டியலில் இரண்டாம் இடத்தில் வைத்தது. குடும்பத்துக்கு ஸ்டேஷன் வேகன் வகைக் கார் வாங்கப் போன நாயகன், பழைய கார் விற்கும் இடத்திலிருந்து 1928-ஆம் ஆண்டு வண்டியோடு திரும்ப, இறந்த தாய் அதன் ரேடியோ வழியே பேசத் தொடங்குவதுதான் கதை. அவருக்காவது கேட்காத தாய் கிடைத்தார். உங்களுக்குக் கேட்ட எபிசோடுகளே கிடைக்கவில்லை.

முதலில் விற்பனைத் தளத்தில் ‘விவரித்தபடி பொருள் வரவில்லை’ என்று புகார் பதிந்து, விளம்பரப் பக்கத்தின் படத்தையும் வட்டின் எபிசோடு பட்டியலையும் இணையுங்கள். ‘திரும்பப் பெறுவதில்லை’ என்ற நிபந்தனை, மனம் மாறியவரை வேண்டுமானால் தடுக்கலாம். சொன்னதைத் தராதவருக்கு அது கேடயம் ஆகாது. அங்கே தீராவிட்டால் கடன் அட்டை நிறுவனத்திடம் செல்லுங்கள். ஒப்புக்கொண்டபடி பொருள் வந்து சேராதபோது, அந்தத் தொகை இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்க அமெரிக்க நடுவண் சட்டம் வழி தருகிறது. அதைப் பில் தொடர்பான விசாரணைகளுக்கென அட்டை நிறுவனம் குறிப்பிட்டுள்ள முகவரிக்கு அனுப்ப வேண்டும். பணம் கட்டும் முகவரிக்கு அனுப்பிவிட்டு நாளைக் கடத்திவிடாதீர்கள். தளம் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தாலும் இந்த 60 நாட்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஓடாத தொடர்களை இனியும் வாங்குவதாக இருந்தால், எபிசோடுகள் மொத்தம் எத்தனை, வெளியிட்ட நிறுவனம் எது என்ற இரண்டையும் பணம் கட்டுமுன் பாருங்கள். ஏ.பி.சி. தொலைக்காட்சி 1982-இல் ஆறே எபிசோடுகளோடு நிறுத்திய ‘போலீஸ் ஸ்குவாட்’ தொடரைப் பாராமவுண்ட் நிறுவனம் 2006-இல் டிவிடியாகவும் 2020-இல் புளூ-ரேயாகவும் முறையாக வெளியிட்டிருக்கிறது. அதை எண்ணிச் சரிபார்க்க ஒரு கை விரல்களோடு இன்னும் ஒன்று போதும்.