தோகாவில் இரண்டு மணித்தியாலம்: திருகோணமலைத் தம்பிக்கு

தம்பி, பாலையூற்றிலிருந்து அடுத்த மாதம் லண்டன் வருகிறாய், தோகாவில் பிளேன் மாற இரண்டு மணித்தியாலம்தான் இருக்கிறது, அதற்குள் ஒரு பர்கர் சாப்பிட முடியுமா என்று கேட்டிருக்கிறாய். குளிர்ச்சட்டை, சிம் பற்றியும் கேட்டாய். அதெல்லாம் வந்த பிறகு பார்க்கலாம். சாப்பாட்டைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் வெளிக்கிட்டது 1999இல். சாவடிக்குச் சாவடி இறங்கி, பையை அவிழ்த்துக் காட்டிக் கொழும்பு வந்து சேர ஒரு முழு நாள் போனது. அம்மா ரொட்டியும் பொரித்த மீனும் கட்டித் தந்திருந்தார். லொட்ஜில் என்னோடு தங்கியிருந்த ஒருவர், “வெளிநாட்டுக்குப் போகிறவன் ரொட்டிப் பார்சலோடா போவான்?” என்று கேட்டார். வெட்கத்தில் அதை அங்கேயே விட்டுவிட்டேன். இப்படிச் சொல்கிற ஆட்கள் இங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதே.

ஐரோப்பாவில் பிளேன் மாறிய இடத்தில் பசி தாங்கவில்லை. வரிசையில் நின்று, படத்தைக் காட்டி ஒன்று வாங்கினேன். இரண்டு வாய் கடித்த பிறகுதான் மாட்டிறைச்சி என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் மாடு சாப்பிடுவதில்லை. அழுகை வந்துவிட்டது. நிமிர்ந்து பலகையைப் பார்த்தால், பிளேனுக்கு ஏறுகிற வாசல், அதுதான் கேட், மாறியிருந்தது. கடைசி ஆளாக ஓடிப் போய் ஏறினேன்.

பிறகு லண்டனில் ஒரு விமான நிலையச் சாப்பாட்டுக் கடையிலேயே நான்கு வருடம் வேலை செய்தேன். எங்கள் ஆட்கள் பையோடு தயங்கி நின்றால் நானே கூப்பிட்டுக் கேட்டுக் கொடுப்பேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வெறும் பர்கர், ஹாம்பர்கர் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மாடுதான். கோழி வேண்டுமென்றால் ‘சிக்கன்’ என்று வாய்விட்டுச் சொல். இறங்கியதும் முதலில் கேட்டைத் தேடிப் போ, கடை அதற்குப் பிறகு. டிக்கெட்டில் இருப்பது புறப்படும் நேரம். கேட்டை அதற்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். காசு 20, 30 அமெரிக்க டொலர் போதும், சின்னத் தாள்களாக வைத்துக்கொள். பெரிய தாளைக் கொடுத்தால் மீதி பெரும்பாலும் அந்த ஊர்க் காசில்தான் வரும், அதை வைத்து நீ என்ன செய்வாய்?

உண்மையில் உனக்குப் பர்கரே தேவைப்படாது. கட்டுநாயக்காவிலிருந்து தோகாவுக்கு ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம், அதில் சாப்பாடு தருவார்கள். நீ சைவம் என்றால் ஒரு நாளுக்கு முன்பே பிளேன் கொம்பனிக்குச் சொல்லிவை. ‘இந்து உணவு’ என்பதைத் தெரிவு செய்யாதே, அதில் கோழியோ ஆடோ மீனோ வரலாம். ‘ஆசியச் சைவம்’ என்பதுதான் உனக்கு வேண்டியது.

வீட்டிலிருந்தும் கட்டிக்கொண்டு வா. பிட்டு வேண்டாம், தேங்காய்ப்பூ புளித்துவிடும். ரொட்டியை நன்றாக ஆறவைத்துக் கட்டச் சொல். சொதி, குழம்பு 100 மில்லிலீட்டருக்கு மேல் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலை வெறுமையாகக் கொண்டுபோய் உள்ளே நிரப்பு. இறைச்சி, பால் சாமான் மிஞ்சினால் லண்டனில் இறங்குவதற்கு முன் முடித்துவிடு, உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள்.

போன முறை ஊருக்கு வந்தபோது அம்மா இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போய், கோட்டைக்குள் மான்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தங்கச்சி ரொட்டியும் மீனும் கட்டி வைத்திருந்தாள். தோகாவில் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவிழ்த்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்த பொடியன் வாசத்துக்குத் திரும்பிப் பார்த்தான். “அண்ணை, எந்த ஊர்?” என்றான். அவன் மூதூர், எங்கள் திருகோணமலைப் பக்கம்தான். பாதியைக் கொடுத்தேன்.