காது கருவி வகுப்பறைக்குள் போன பிறகு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு இரண்டு காதிலும் கருவி பொருத்தியிருக்கிறோம். வீட்டில் கூப்பிட்டால் உடனே திரும்புகிறான், நன்றாகப் பேசுகிறான். பள்ளியிலோ, "பாடத்தைக் கவனிப்பதே இல்லை" என்கிறார் ஆசிரியை. கருவி பொருத்திய ஆடியாலஜிஸ்டிடம் இதைச் சொல்லலாமா? பள்ளி விஷயமும் அவருடைய வேலைதானா?
– ஒரு தாய், குளச்சல்

பதில்: அவருடைய வேலைதான், அம்மா. தயங்காமல் சொல்லுங்கள். கருவியைப் பொருத்துவதோடு ஆடியாலஜிஸ்ட் என்னும் செவித்திறன் வல்லுநரின் பணி பாதிதான் முடிகிறது. அமைதியான பரிசோதனை அறையில் கேட்டது வகுப்பறையிலும் கேட்கிறதா என்று உறுதிசெய்வது மீதிப் பாதி.

"கவனிப்பதில்லை" என்ற சொல்லை இத்தகைய பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது. உங்கள் மகன் பெரும்பாலும் மற்றவர்களைவிட அதிகமாகவே கவனித்துக்கொண்டிருப்பான். வீட்டில் நீங்கள் இரண்டடி தூரத்தில், முகம் பார்த்துப் பேசுகிறீர்கள். வகுப்பிலோ ஆசிரியரின் குரல் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60 முதல் 65 டெசிபல் அளவில் இருக்கும். தடையற்ற வெளியில், தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அது 6 டெசிபல் குறையும். நான்கு சுவர்களுக்குள் அந்த அளவுக்குக் குறையாது என்றாலும், சுவரில் பட்டுத் தாமதமாக வந்து சேரும் ஒலி ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல்லை ஏற்றிக் குழப்பிவிடும். இதனுடன் மின்விசிறியின் சத்தம், பக்கத்து வகுப்பின் கூட்டு வாசிப்பு, ஆனி ஆடியில் தகரக் கூரையின் மேல் விழும் மழை ஆகியவையும் சேர்கின்றன. கருவி ஆசிரியரின் குரலோடு இவற்றையும் பெருக்கித் தருகிறது. இரைச்சலைக் குறைக்கும் வசதியுள்ள கருவிகளாலும் இதை முழுமையாக நீக்க இயலாது. செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நம் பள்ளிகளில் கடைசி பெஞ்சுக்கு அது கிடைப்பது அரிது.

ஆகவே வல்லுநரிடம் மூன்று உதவிகளைக் கேளுங்கள். முதலாவது, கருவியை அணிந்த நிலையில், பின்னணிச் சத்தத்தோடு பேச்சைக் கேட்கவைத்துச் சோதிப்பது. அந்தச் சொற்கள் பிள்ளையின் வீட்டு மொழியிலேயே இருக்க வேண்டும். விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தையைத் தமிழ்ச் சொற்களால் மட்டும் சோதித்தால், காதின் குறையும் மொழிப் பழக்கமும் கலந்து தவறான முடிவு கிடைத்துவிடும். இரண்டாவது, ஆடியோகிராமை, அதாவது செவித்திறன் பரிசோதனையின் வரைபடத்தை, ஆசிரியருக்குப் புரியும் நடையில் ஒரே பக்கத்தில் எழுதித் தருவது: எத்தனை அடி தூரம் வரை கேட்கும், எந்த ஒலிகள் தப்பும், எங்கே உட்கார வேண்டும் என்பவை அதில் இருந்தால் போதும். மூன்றாவது, ஆசிரியர் சட்டையில் அணியும் ஒலிவாங்கி இவனுடைய கருவியோடு இணையுமா என்று பார்ப்பது. வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் குரலை வாங்கி நேராகக் கருவிக்கு அனுப்புவதால், தூரத்தையும் இரைச்சலையும் ஒருசேர வெல்ல இதைவிடச் சிறந்த வழி இன்று இல்லை என்பது என் கருத்து. சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை உதவிக் கருவிகளைக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்தால் தலைமையாசிரியர் வழியாக எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: என் வகுப்பில் ஒரு மாணவி காது கருவி அணிந்து வருகிறாள். அது வேலை செய்கிறதா என்று நான் எப்படி அறிவது?
– ஓர் ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: நீங்கள் இதைக் கேட்டதே அந்தப் பிள்ளையின் நல்வாய்ப்பு. காலையில் அவளுக்குப் பின்னால் நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளை இடைவெளி மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதை அவள் திருப்பிச் சொல்லட்டும். தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பேச்சு ஒலிகளின் பரப்பு இந்த ஆறில் அடங்கிவிடும். நேற்றுச் சொன்ன ஒலியை இன்று தவறவிட்டால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். சிறிய பட்டன் பேட்டரி ஒட்டுத்தாளை உரித்தவுடன் காற்றுப் பட்டு இயங்கத் தொடங்கும். அதன்பின் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தீர்ந்துபோகும். அடுத்தது ஈரம். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள நம் குமரி மாவட்டத்தில் கருவியின் குழாயில் நீர்த்துளி தேங்கிக் கருவி அடைத்துப்போவது வழக்கமானது. இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். கருவி விசிலடித்தால், காதுக்குள் பொருந்தும்படி அளவெடுத்துச் செய்த காது அச்சு சிறிதாகிவிட்டது என்று பொருளாக இருக்கலாம். காது வளர வளர அச்சை மாற்ற வேண்டும்.

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். மற்ற மாணவர் சொல்லும் பதிலை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். சொல்வதெழுதுதலில் 'படம்', 'மடம்' போன்ற சொற்களைத் தனியாகச் சொல்லாமல் வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள், ஏனெனில் இரண்டும் உதட்டசைவில் ஒன்றாகவே தெரியும். கோளாறு நீடித்தால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் தேதியுடன் குறித்துக் கொடுங்கள். எந்த நாளில் எந்த ஒலி தவறியது என்ற குறிப்பு வல்லுநருக்கு மிகவும் பயன்படும்.

கேள்வி: என் மகளுக்கு ஒரு காது மட்டும் கேட்காது. சான்றிதழ் கிடைக்காது என்கிறார்கள். அப்படியானால் உதவி தேவையில்லையா?
– ஒரு தந்தை, தோவாளை

பதில்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் வரையறை இரண்டு காதுகளிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கானது, அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள். தேவை அதனால் இல்லாமல் போய்விடாது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது ஒரு காதால் எளிதில் தெரியாது. சாலையைக் கடக்கும்போது இதை மறக்காதீர்கள். வகுப்பில் நல்ல காது ஆசிரியரின் பக்கம் இருக்கும்படி உட்காரவைக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் இல்லாமலே எந்த ஆசிரியரும் இதைச் செய்யலாம். சளி பிடித்து நல்ல காதும் சில நாள் அடைத்துக்கொண்டால் அவளுக்குக் கேட்பது மிகவும் சிரமமாகிவிடும். அந்த நாட்களில் பள்ளிக்குத் தெரிவித்துவிட்டு, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டிவிடுங்கள்.