கும்பகோணம் சகோதரிக்கு: எம்ஆர்ஐ இல்லாமலும் மூளை முதுமையை ஆராயலாம்

வணக்கம் சகோதரி. ஊட்டச்சத்தியலில் முதுகலை முடித்த நீங்கள், தாயாரை விட்டுக் கும்பகோணத்திலிருந்து நகர இயலாத நிலையில், உடல் பருமனுக்கும் முதியோர் நினைவாற்றலுக்கும் உள்ள தொடர்பை எம்ஆர்ஐ வசதியின்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும்; ஆனால் கேள்வியைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டும்.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட, மாற்றத்தக்க 14 மறதிநோய்க் காரணிகளுள் நடுவயதுப் பருமனும் ஒன்று. ஆனால் எழுபது வயதினரின் எடையை மட்டும் அளந்தால், நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பலருக்கு உடல் மெலியத் தொடங்கிவிடுவதால், பருமனே மூளையைக் காப்பதுபோன்ற தோற்றம் கிடைக்கும். ஆகவே 45 முதல் 60 வயதினரைத் தேர்ந்தெடுங்கள். எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளவிடுங்கள். இந்தியர்க்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது வரம்பு.

இடறல் நினைவாற்றல் சோதனையில்தான் இருக்கிறது. நாற்று நட்டே வாழ்ந்த பெண்மணியிடம் ஆங்கிலத் தேதியைக் கேட்டால் விழிப்பார். ஆடி எத்தனை, அமாவாசை கழிந்து எத்தனை நாள் என்றால் தயங்காமல் சொல்வார். அவருக்கு மறதி என்று குறித்துக்கொள்வது ஆய்வாளரின் பிழை.

களத்தில் இறங்குமுன், 2017–18இல் 72,000க்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய, ‘லாசி’ எனப்படும் தேசிய அளவிலான முதுமை ஆய்வின் தரவை, மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பெறுங்கள், வீட்டிலிருந்தே பகுத்தாயலாம். நெறியாளரைப் பாரதிதாசன் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் தேடுங்கள். மனையியல் பாடத்தில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வெழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகையும் பெற்றால், மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும்.