பூபாளத்துக்கு என்ன நிறம்?

மட்டக்களப்பில் எண்ணெய் வண்ண ஓவியம் கற்பிக்கும் ரீச்சர் ஒருவர், சங்கீதம் கேட்டு நிலக்காட்சி தீட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி (ஏறாவூர் மாணவி): ரீச்சர், எந்த ராகத்துக்கு எந்த நிறம் என்று அட்டவணை இருக்கிறதா?

பதில்: படம் தீட்ட உதவுகிற மாதிரி ஒன்றும் இல்லை, மகள். பழைய சங்கீத நூல்கள் ஏழு சுரங்களுக்கும் ஆளுக்கொரு நிறம் சொல்லியிருக்கின்றன. அதை நம்பி வாவியைத் தீட்டினால் கோயில் திருவிழாச் சோடனை மாதிரித்தான் வரும். நிறத்தை விடுங்கள், நிறங்களுக்கு இடையில் உள்ள தூரத்தைப் பாருங்கள். மோகனம், விடியற்கால ராகமான பூபாளம் இரண்டுக்கும் ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரம்தான். மோகனத்தின் ரி, க, த மூன்றையும் ஒவ்வொரு படி இறக்கினால் பூபாளம். ச, ப அசையாது.

இதை அப்படியே வண்ணத்தில் செய்யலாம். ஒரு வயல் காட்சிக்கு ஐந்து கலவை குழையுங்கள். வானத்தின் வெளிச்சமும் வரம்பின் இருட்டும்தான் ச, ப. அவற்றில் கை வைக்க வேண்டாம். நெற்பச்சை, தண்ணீர், தூரத்து மரங்கள் மூன்றிலும் கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம், துளி பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு சேர்த்து ஒரு படி இறக்கி இரண்டாவது படத்தைத் தீட்டுங்கள். வானம் அப்படியே நிற்க நிலம் மட்டும் இறங்குவதால், முதல் படத்தில் எட்டு மணியாக இருந்த வயல் இன்னும் விடியாத வயலாகிவிடும். என் வகுப்பில் முதல் பயிற்சியே இதுதான்.

கேள்வி (கல்முனை வாசகர்): ராகத்தைப் படமாக்கியது வட இந்தியாவில்தானே? நம்மிடம் அப்படி ஒரு மரபு உண்டா?

பதில்: 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ராஜஸ்தான், தக்காணம், இமயமலை அடிவாரம் எங்கும் ராகமாலா ஓவியங்கள் தீட்டினார்கள். அழகானவை, ஆனால் பெரும்பாலும் அங்கே நாயகனும் நாயகியும்தான் ராகம். நிலம் பின்னால் நிற்கும். நமக்கு நிலமே முதல். பழந்தமிழ் நூல்களில் ஒவ்வொரு நிலத் திணைக்கும் ஒரு யாழும் ஒரு பொழுதும் வகுத்து வைத்திருக்கிறார்கள். மருதத்துக்கு மருத யாழ், வைகறை. நெய்தலுக்கு விளரி யாழ், பொழுது சாயும் எற்பாடு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அந்தப் பழைய யாழ்களை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது.

எங்கள் ஊரில் இது இன்னும் வசதி. விடியற்காலை வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலில் தீட்டிவிட்டு, மண்முனைப் பாலத்தால் கடல் பக்கத்து எழுவான்கரைக்கு வந்தால் பின்நேரம் கடற்கரை. ஒரே நாளில் இரண்டு திணை, சைக்கிளில் போனாலே போதும்.

கேள்வி (புளியந்தீவு): ஓவியர் கண்டின்ஸ்கி மாதிரி உருவமே இல்லாமல்தான் தீட்ட வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. அவர் 1911 ஜனவரியில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷேன்பெர்க்கின் கச்சேரி கேட்டுத் தீட்டிய படத்திலேயே கறுப்புப் பியானோவும் கூட்டமும் தெரியும். கல்லடிப் பாலத்தை இரவில் தீட்ட ஆசைப்படுகிறவர்கள் ஓவியர் விஸ்லரைப் பாருங்கள். 1870களில் தேம்ஸ் நதியின் இரவுகளை மெலிந்த பூச்சுகளாகத் தீட்டி, நாக்டர்ன் என்ற பியானோ இசை வடிவத்தின் பெயரையே வைத்தார்.

கேள்வி (அக்கரைப்பற்று): கமகத்தை எப்படிக் காட்டுவது?

பதில்: சுரம் அசைந்து வழுக்கிப் போவதுதானே கமகம், அதை விளிம்பில் காட்டலாம், தம்பி. ஈரத்தின் மேல் ஈரமாகப் பூசி, காய்ந்த தூரிகையால் எல்லையை ஒரு தடவை இழுத்துவிடுங்கள். எல்லா விளிம்பையும் குழைத்தால் படம் வெறும் புகைதான். ஓரிரு கூர்மையான கோடு மிஞ்ச வேண்டும்.

கேள்வி (அதே தம்பி): பாட்டுக் கேட்டுக்கொண்டே தீட்டலாமா?

பதில்: நான் மாட்டேன். தாளத்துக்கு ஏற்ப கை ஓடத் தொடங்கிவிடும். முதலே கேட்டுவிட்டு, நிறுத்திவிட்டுத் தீட்டுங்கள்.

கேள்வி (வாழைச்சேனை): மாரியில் படம் காயவே இல்லை. மண்ணெண்ணெய் கலக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆளி விதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஒட்சிசனை எடுத்து இறுகுகிறது. அதனால் மெல்லிய பூச்சு, காற்றோட்டம் இரண்டும் முக்கியம். அடிப்பூச்சில் அம்பர் (umber) என்ற மண்பழுப்பு நிறம் சேருங்கள், சீக்கிரம் காயும். டைட்டானியம் வெள்ளைதான் சோம்பேறி. கீழே எண்ணெய் குறைவு, மேலே அதிகம் என்ற ஒழுங்கை மாற்றினால் பிறகு பூச்சில் வெடிப்பு விழும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் விட்ட மூடித் தகரத்தில் போடுங்கள். வார்னிஷுக்கு அவசரப்படாமல் ஆறு மாதமாவது பொறுங்கள்.